அட்டை ஒன்று, தட்டு ஒன்று

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய செருப்புக்கும் மிக்ஸி ஜாருக்கும் நடுவே ஒரு நாட்டுப்புறப் பாட்டு எல்பி இசைத்தட்டு சிக்கியது. அட்டையில் கரகாட்டப் படம். கடைக்காரர் 500 சொன்னார், 300க்குப் படிந்தது. முழுசாக உருவிப் பார்க்க விட்டால்தானே? "கீறல் விழும் சார்" என்றவர், தானே பெருவிரலை அழுத்திப் பாதி இழுத்துக் காட்டினார். வீட்டில் எடுத்தால், உள்ளே ஆங்கிலப் பாடத் தட்டு! போன மாதம் வாங்கியது இன்னும் மோசம். வெயிலில் கிடந்து அப்பளமாக வளைந்து, நிமிடத்துக்கு 33 தடவை முள் ஏறி இறங்குகிறது. ஒப்பாரிப் பாட்டுக்கே விக்கல். சரி, இந்த வாரம் போய் நியாயம் கேட்டேன். "அந்த இங்கிலீஷ் அட்டை இங்கதான் சார் இருக்கு. 100 ரூபா."