அடுப்பெரித்தவரின் மகன் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை போர்வீரர்கள் நினைவு மலர் வெளியீட்டில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அப்பாவைப் பற்றி நான் அனுப்பிய நான்கு பக்கங்களில் “கப்பலில் பணிபுரிந்தார்” என்ற இரண்டு சொற்கள் மிஞ்சின. அதைக்கூட விட்டுவிடலாம். மேடையில் அந்தப் பெரியவர் சொன்னதை விடமுடியவில்லை: “கீழே அடுப்பெரித்தவர்களை எல்லாம் போர்வீரர் என்று போட்டால் மலர் தாங்காது.” சபையில் வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடப்போவதில்லை.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் அப்பா நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்தின் கொதிகலன் அறையில் இருந்தார். அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்கமுடியாத அந்தக் கப்பலைத்தான் வங்காள விரிகுடாவில் போருக்கு இறக்கினார்கள். டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய ஸீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அந்த விமானங்களைத் தளத்திலிருந்து உந்தி எறிந்தது எது? நீராவி. நீராவி எங்கிருந்து வந்தது? ஐயா சொன்ன அதே அடுப்பிலிருந்து. அது அணைந்திருந்தால் விமானி தளத்தில் உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்த்திருக்கவேண்டியதுதான். (மேடையில் கரி அள்ளுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினாரே, விக்ராந்தில் எரிந்தது எண்ணெய். கரி இல்லை.)

அடுப்பெரித்தவனும் போரில்தான் இருந்தான். அதே போரில் டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கப்பலோடு போன அதன் கேப்டன் முல்லாவின் பெயரை எல்லோரும் சொல்கிறோம், சொல்லவேண்டியதுதான். அந்த 176 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? டார்பிடோ, மேல்தளத்தில் நிற்பவனா கீழ்த்தளத்தில் நிற்பவனா என்று விசாரித்துவிட்டா வருகிறது?

“ஆதாரம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சேவை எண் இல்லாமல் கடற்படைப் பதிவேட்டில் தேடமுடியாது என்று என் முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது. அப்பாவின் காகிதங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. கடைசியில் அம்மா பழைய பொத்தான்கள் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் அந்தப் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கம் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதில் அப்பாவின் எண்ணும் பெயரும். அந்த எண்ணை வைத்து மூன்று வருடம் அலைந்து வாங்கிய பதிவேட்டுத் தாள்கள் இரண்டின் நகலையும் மலர்க்குழுவுக்குக் கொடுத்தேன். திறந்து பார்த்தார்களா என்றே சந்தேகம்.

“இடம் போதவில்லை” என்பதற்குப் பதில் சொல்லமாட்டேன். மலரில் நன்கொடையாளர்களின் முழுப்பக்கப் படங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். “அப்பா பெயரில் விளம்பரம் தேடுகிறான்” என்பவருக்கு: ஆமாம், தேடுகிறேன். அவர் தனக்குத் தேடிக்கொள்ளவில்லையே.

கப்பலும் இல்லை. 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள், அதன் இரும்பு மோட்டார் சைக்கிளில்கூடப் போயிருக்கிறது. எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பது?

பெரியவர்மேல் இவ்வளவு கோபப்படுகிறேனே, நான் மட்டும் என்ன கேட்டேன்? ஒருநாள்கூட உட்காரவைத்து “அங்கே எப்படி இருந்தது அப்பா?” என்று கேட்டதில்லை. கொதிகலன் அறை இரைச்சலில் நாள்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தமாகும் என்று, அவர் போன பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் டிவி அலறும். பக்கத்து வீட்டுக்காரர் முறையிடுவார். நான் போய் ரிமோட்டைப் பிடுங்கிக் குறைப்பேன். அப்பா எதுவும் சொல்லமாட்டார். நாற்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்.