ஃபான் லியை நான் மன்னிப்பதாக இல்லை

மகள் பாதியில் போட்டுவிட்டுப் போன நாவலை எடுத்து இரவு ஒன்றரை மணி வரை படித்தேன். நாற்பத்தாறு வயதில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கான காதல் கதையா என்று வீட்டில் சிரிப்பு. சிரிக்கட்டும்.

கதை ஷீ ஷி. சீன மரபு சொல்லும் நான்கு பேரழகிகளில் காலத்தால் முந்தியவள். கி.மு. 494இல் யுவே நாடு வூ நாட்டிடம் தோற்கிறது. யுவே அரசன் கோவ்ஜியான் எதிரியிடம் சேவகம் செய்துவிட்டு ஊர் திரும்புகிறான். பட்ட அவமானம் மறந்துவிடக் கூடாதென்று தினமும் பித்தப்பையை நக்கிக் கசப்பை ஏற்றிக்கொள்கிறான். அவனுடைய அமைச்சன் ஃபான் லி, ஆற்றில் பட்டு அலசிக்கொண்டிருந்த ஷீ ஷியைக் கண்டுபிடிக்கிறான். (அவளைப் பார்த்த மீன்கள் நீந்த மறந்து மூழ்கினவாம்.) மூன்று வருடம் ஆடவும் பாடவும் நடக்கவும் பழக்கி, வூ அரசன் ஃபூச்சாய்க்குப் பரிசு என்ற பெயரில் உளவுக்கு அனுப்புகிறார்கள். இடையில் ஃபான் லிக்கும் அவளுக்கும் காதல் வேறு.

இந்த மாதிரி நாவல்களை 'ஓவர் டிராமா' என்கிறார்கள். மூலக்கதையே அப்படித்தானே! யுவேயை நம்பாதே என்று எச்சரித்த மூத்த அமைச்சருக்கு ஃபூச்சாய் வாளை அனுப்பிச் சாகச் சொல்கிறான். 'என் கண்களைப் பிடுங்கி நகர வாசலில் தொங்கவிடுங்கள், யுவே படை நுழைவதை நான் பார்க்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுச் சாகிறார் அவர். இதை எப்படி அடக்கி வாசிப்பது?

என்னைக் கவிழ்த்தது ஒரு நடைக்கூடம். சூச்சோ நகரத்துப் பக்கத்து மலையில் ஷீ ஷிக்காக ஃபூச்சாய் கட்டினானாம். தரைக்கடியில் ஜாடிகள், மேலே பலகை. மரச்செருப்போடு அவள் நடந்தால் கூடமே ஒலிக்கும். ஒருத்தி நடந்து வரும் சத்தத்துக்காகக் கூடம் கட்டியவனை எப்படி வெறுப்பது? உளவுக்கு வந்தவளின் ஒவ்வோர் அடியும் ஊருக்கே கேட்கிறது என்பது தனிக் கூத்து.

ஃபான் லியோ, விரும்பியவளைத் தானே கொண்டுபோய் விட்டவன். கி.மு. 473இல் வூ வீழ்ந்த பிறகு இருவரும் 'தாய்' என்ற ஏரியில் படகேறிப் போனார்கள் என்கிறது ஒரு கதை. நீரில் மூழ்கி இறந்தாள் என்கிறது இன்னொன்று. படகு முடிவு எனக்கு ஒட்டவே இல்லை. எந்த முகத்தோடு அவளைப் படகில் ஏறச் சொன்னான்?

காலையில் மகளிடம் இதைச் சொன்னேன். “நாடு போயிடும்மா, அவன் வேற என்ன பண்ணுவான்?” என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. படகா, தண்ணீரா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.