பேட்டரி தேயும் பொருள். அதை ஏன் ஒட்டி மூடுகிறீர்கள்?

சனிக்கிழமை அம்மாவின் போன் பற்றி எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தனித்தனியாகப் பதில் சொல்லிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கே.

முதலில் ஒன்று. புது போன் வாங்கக் காசில்லை என்று நான் எழுதவில்லை. எதை வாங்கலாம் என்றும் கேட்கவில்லை. ஆளுக்கொரு மாடல் பெயர் சொல்லியிருக்கிறீர்கள். அன்புதான், புரிகிறது. ஆனால் நான் கேட்டது வேறு. பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்துகொண்டது. மற்றபடி அந்த போனில் ஒரு குறையும் கிடையாது, திரையில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பேட்டரியை மட்டும் ஏன் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள்? இதுதான் கேள்வி. சர்வீஸ் சென்டர் தம்பி சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "அக்கா, இந்த மாடலுக்கு இப்ப பேட்டரி வர்றதில்ல. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க." 14,000 ரூபாய் போன். வாங்கி இரண்டே முக்கால் வருடம்தான் ஆகிறது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அனுப்பினால்தானே அவன் போடுவான். (உப்பிய பேட்டரியோடு விளையாடாதீர்கள் என்று அக்கறையாகச் சொன்னவர்களுக்கு: அன்றைக்கே அணைத்து, சார்ஜ் போடாமல், சமையலறையிலிருந்து தள்ளி வைத்துவிட்டேன். நன்றி.)

பேட்டரி தேயும் பொருள். செருப்பு வார் மாதிரி, சைக்கிள் டயர் மாதிரி. தேயாத பேட்டரியை இதுவரை யாரும் செய்யவில்லை. விற்கிறவனுக்கும் இது தெரியும். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழு சார்ஜ் சுற்று ஓடியபின் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதம் நிற்கும் என்று ஆப்பிளே தன் இணையப் பக்கத்தில் சொல்கிறது. தினமும் ஒரு சுற்று என்றால் ஒன்றரை வருடக் கணக்கு. அடுத்து வந்த 15க்கு அதையே 1,000 சுற்று என்கிறார்கள். சரி, மூன்று வருடம். எப்போது தேயும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிற ஒரு பொருளை, பசை போட்டு ஒட்டி, கழற்ற முடியாதபடி மூடி விற்பது சரியா? டயர் தேய்ந்தால் சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்று நம் ஊரில் எந்தக் கடைக்காரராவது சொல்லியிருக்கிறாரா?

"தண்ணீர் போகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறார்கள், விவரம் தெரியாமல் பேசாதீர்கள்" என்று ஒருவர். விவரம் தெரியும் சார். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று ஐபி67 தரச் சான்றோடு வந்தது. அதன் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியைக் கையில் எடுக்கலாம். அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர்6 ப்ரோ 2022இல் வந்தது. அதற்கு இன்னும் ஒரு படி மேலான ஐபி68, அதிலும் பேட்டரி கழலும். அப்படியானால் முடியாமல் விடவில்லை, வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள். மெல்லிசாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அந்த ஆசை புரியவே இல்லை.

"பாதுகாப்புக்காகத்தான் மூடுகிறார்கள்" என்றவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2007 ஆகஸ்ட். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியில் ஒரு தொகுதி சார்ஜ் போடும்போது சூடாகிறது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. உலகம் முழுக்க 4.6 கோடி பேட்டரிகள். அப்போது எங்கள் ஊரில் அப்பாவுக்கு ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. பேட்டரி மேல் 26 எழுத்தில் ஓர் எண் பொடிசாக அச்சடித்திருக்கும், அதைப் பார்த்தால்தான் அது அந்தத் தொகுதியா இல்லையா என்று தெரியும். ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அப்பா ஒரு லென்ஸ் வைத்திருப்பார். ஒரு வாரம் கடை வாசலில் கூட்டம். பால்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், எங்கள் ஸ்கூல் டீச்சர் எல்லாரும் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா லென்ஸில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்தத் தொகுதி என்றால் நோக்கியா வேறு பேட்டரி கொடுத்தது. போன் அவரவர் பையிலேயே இருந்தது.

2016இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. அதில் பேட்டரியை உள்ளே வைத்து மூடியிருந்தார்கள். அதனால் போனையே திரும்பக் கேட்டார்கள். பதிலுக்குக் கொடுத்த போன்களும் எரிந்தன. கடைசியில் உற்பத்தியையே நிறுத்தினார்கள், விமானங்களில் கொண்டுபோகவும் தடை வந்தது. இப்போது சொல்லுங்கள், எது பாதுகாப்பு?

"விலை கூடின போன் வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினை வராது" என்பவர்களுக்கும் ஒன்று. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்து போகாமல் இருக்கத்தான் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதை வாங்கியவனிடம் சொல்லவில்லையே? போனுக்கே வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் எத்தனை பேர்! சத்தம் கிளம்பியபின் பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2019 ஜனவரியில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், விற்பனை எதிர்பார்த்தபடி இல்லாததற்குச் சொன்ன காரணங்களில் இந்த மலிவு விலை பேட்டரியும் ஒன்று. அதாவது பேட்டரியை மாற்ற வழி இருந்தால் ஜனங்கள் பழைய போனையே வைத்துக்கொள்கிறார்கள். நான் சனிக்கிழமை முதல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. அதிலும் விலக்குகள் உண்டு, இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இணையதளமா பேட்டரி அனுப்பும்?

இதையெல்லாம் பொறுமையாகத்தான் எழுதிவந்தேன். ஒரு பின்னூட்டத்தை மட்டும் கடந்து போக முடியவில்லை. "ரிப்பேர் கடைக்காரர் மகளுக்குத் தொழில் போன வருத்தம்." அதற்கு முப்பது பேர் சிரித்திருக்கிறீர்கள். அதில் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

ஆமாம், நான் ரிப்பேர் கடைக்காரர் மகள்தான். பழைய வால்வு ரேடியோக்களின் முதுகுப்பலகையைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அத்தனையும் அதில் இருக்கும். இதை என்றைக்காவது ஒருவன் திறப்பான், அவனுக்கு வழி தெரிய வேண்டும் என்று நினைத்து அந்தக் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பினான். அப்பாவை அவன் மதித்தான். இன்றைக்குப் போனைத் திறந்தாலே ஏதோ திருட்டு வேலை மாதிரிப் பார்க்கிறார்கள். அப்பா கழற்றிய பாகத்தை ஒரு சின்னக் கவரில் போட்டு செட்டோடு கட்டித்தான் கொடுப்பார். எதை மாற்றினோம் என்று கொடுத்தவருக்குத் தெரிய வேண்டும் என்பார். ஒருநாளும் நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு மட்டமானதைப் போட்டதில்லை. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. அவரை எதற்கு இதில் இழுத்தீர்கள்?

போன் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். அந்த அண்ணன் ஹீட்டர் மேல் வைத்துப் பசையை இளக்கி, பொறுமையாகப் பின்மூடியைப் பிரித்து, வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தார். 850 ரூபாய். டிஸ்பிளேக்கு ஒன்றும் ஆகவில்லை. "இது கம்பெனி பேட்டரி இல்லம்மா, எவ்வளவு நாள் வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். தண்ணியில மட்டும் விட்டுடாதீங்க" என்று அவரே சொன்னார். கழற்றிய பேட்டரியை மணல் தட்டில் வைத்து எனக்குக் காட்டி, இதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க என்றார். இவ்வளவு நேர்மையாக வேலை செய்கிறவருக்கு ஒரு நல்ல பேட்டரியை விற்பதில் அந்தக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். போனில் எதையும் பெயர் பார்த்துத் தொட மாட்டாள், இடம் வைத்துத்தான். மேலே இடப்பக்கம் தங்கச்சி, அதற்குக் கீழே நான், பச்சைக்குப் பக்கத்தில் பாட்டு. இதைப் பழக அவளுக்கு ஒரு வருடம் ஆனது. நேற்று சாயங்காலம் போனைக் கையில் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.