சம்பளம் வாங்காவிட்டால் எம்.பி. பதவி தப்புமா?

"சம்பளம் வாங்காத வாரியத் தலைவர் பதவியால் எம்.பி.க்கு ஆபத்தில்லை, 1959 சட்டம் இன்றுவரை மாறவே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. (எந்தெந்த அரசுப் பதவிகளை வகித்தால் எம்.பி. பதவி போகாது என்று பட்டியலிடுவதுதான் இந்த 1959 சட்டம்.)

2006 மார்ச்சில் ஜெயா பச்சன் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். காரணம், உத்தரப் பிரதேச திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவர் பதவி. 'நான் சம்பளமே வாங்கவில்லை' என்றார். வாங்கினாரா என்பதல்ல, பதவியில் ஊதியம் இருந்ததா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, சட்டம்? அரசியலமைப்பின் 102-ஆவது பிரிவு, எம்.பி.க்கள் 'ஆதாயம் தரும் பதவி'யை, அதாவது ஊதியமோ வேறு பலனோ உள்ள அரசுப் பதவியை, வகிப்பதைத் தடுக்கிறது. ஆனால் விலக்குத் தரும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதே 2006-இல் 1959 சட்டத்தின் விலக்குப் பட்டியல் நீண்டது. மத்திய அரசுக்கு ஆலோசனை சொன்ன தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவர் பதவியும் அதில் சேர்ந்தது. குடியரசுத் தலைவர் கலாம் இந்தத் திருத்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் மாற்றமின்றி மறுபடி நிறைவேற்றியது, அப்புறம் அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், திருத்தம் 1959 முதலே அமலில் இருந்ததாக முன்தேதியிட்டு வந்தது! 'மாறவே இல்லை' என்ற வதந்திக்கு அதுதான் ஆதாரமோ என்னவோ.