செங்கல் கோட்டைக்குள் ஒரு ஹாம்லெட்

ஹங்கேரி போகிறேன் என்று யாராவது சொன்னால் எல்லோரும் கேட்பது, புடாபெஸ்டில் எத்தனை நாள் என்றுதான். நான் ஜூலையில் போகிறீர்களா என்று கேட்பேன். ஆமாம் என்றால், ஒரு ராத்திரியை டியூலா கோட்டையில் நடக்கும் நாடகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள் என்று விடாமல் சொல்வேன். இந்தப் பதிவும் அதற்காகத்தான்.

டியூலா, நாட்டின் தென்கிழக்கு மூலையில் ருமேனிய எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர். சுமார் 30,000 பேர். புடாபெஸ்டின் கெலெட்டி ஸ்டேஷனிலிருந்து பேகேஷ்சாபா வழியாகப் போக வேண்டும். வழி நெடுகச் சூரியகாந்தி, மக்காச்சோளம். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு குன்று கிடையாது. கல் கிடைக்காத சமவெளி என்பதால் 15ஆம் நூற்றாண்டில் கோட்டையைச் செங்கல்லால் கட்டியிருக்கிறார்கள். 1566 கோடையில் துருக்கிப் படை இரண்டு மாதம் முற்றுகையிட்டு அதைப் பிடித்தது. 1695 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. அந்தக் கோட்டை முற்றத்தில் 1964லிருந்து கோடை நாடகம் நடக்கிறது. 2005லிருந்து ஷேக்ஸ்பியர் விழாவும் சேர்ந்துகொண்டது.

கோடை நாடகம் என்றால் லேசானதாக இருக்க வேண்டும், அதுவும் சின்ன ஊரில் பாட்டும் சிரிப்பும் இருந்தால்தான் கூட்டம் வரும் என்று ஒரு எண்ணம் இருக்கிறதே, அது எனக்குச் சுத்தமாக ஒப்பாது. ஹங்கேரியின் ஒப்பரெட்டாக்கள், அதாவது பாட்டு நிறைந்த லேசான இசை நாடகங்கள், எனக்கும் பிடிக்கும், அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊர் ஜனங்களுக்கு எது புரியும், எது புரியாது என்று வெளியிலிருந்து முடிவு செய்ய நாம் யார்? டியூலாவில் நான் பார்த்தது ஷேக்ஸ்பியரின் கனமான சோக நாடகம், ஹாம்லெட். வேலைக்காக புடாபெஸ்டில் இருந்தபோது ஒரு ஜூலையில் போனேன். நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை.

ஒன்பது மணிக்குத்தான் நன்றாக இருட்டத் தொடங்கியது. நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்க வெயில் குடித்த செங்கல் அப்போதும் முதுகில் கதகதவென்று இருந்தது. தலைக்கு மேலே உழவாரக் குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு வட்டமடித்தன. செத்துப்போன அரசனின் ஆவி மேல் மதிலில் வந்து நின்றபோது மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. மேடைக்கென்று கோட்டை செட் போட வேண்டிய வேலையே இல்லை.

பக்கத்தில் எழுபது வயதுக்கு மேலான ஒரு அம்மா. அங்கே வயதான பெண்களின் பெயரோடு 'நேனி' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், நாம் அத்தை, பெரியம்மா என்பது போல. நாடகம் நடக்க நடக்க நேனியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முதலில் ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வசனத்தை நடிகரோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குக் காரணம் உண்டு. ஹங்கேரியில் ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர்கள் அந்த மொழியின் தலைசிறந்த கவிஞர்கள். பெத்தோஃபி என்ற கவிஞர் ஷேக்ஸ்பியரின் கோரியலானஸ் நாடகத்தை மொழிபெயர்த்தது 1848இல். அடுத்த ஆண்டே, 26 வயதில், போர்க்களத்தில் மறைந்துபோனார். அவருடைய நண்பர் அரன் யானோஷ் செய்த ஹாம்லெட் 1867இல் வந்தது. அந்த வரிகள் அவர்களுக்கு வெளிநாட்டுச் சரக்கில்லை, சொந்தக் கவிதை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹங்கேரியனில் பாதி வசனம் பிடிபடவில்லை. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்பதை நேனியின் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

கடைசி வாள்சண்டைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. நாடகம் நின்றது. குடையை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று எல்லோரும் மழைக்கோட்டைத்தான் போட்டுக்கொண்டார்கள். நேனி தன் கம்பளியை விரித்துப் பாதியை என் முழங்கால் மேல் போட்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைமணி நேரம் போல ஆனது. என் வரிசையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மழை விட்டதும் இரண்டு பையன்கள் நீளக் கட்டையால் மேடைத் தண்ணீரைத் தள்ளினார்கள். இன்னும் இருவர் முட்டி போட்டுத் துண்டால் பலகை பலகையாகத் துடைத்தார்கள். ஹாம்லெட்டோடு வாள்சண்டை போட வேண்டிய லேயர்டீஸாக நடித்தவர் வெளியே வந்து, ஷூ நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு இடத்தைக் கையால் காட்டினார், பையன்கள் அங்கேயும் துடைத்தார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அந்தத் தலையாட்டலுக்கே கைதட்டல் எழுந்தது.

முடிவில் தட்டிய கைதட்டலை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் ஆளுக்கொரு பக்கமாகத் தட்டுவார்கள், கொஞ்ச நேரத்தில் நூற்றுக்கணக்கான கைகள் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். 'இரும்புக் கைதட்டல்' என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயரே இருக்கிறது. நாலு பக்கமும் செங்கல் சுவர் இருக்கும் முற்றத்தில் அதைக் கேட்க வேண்டும்.

போகிறவர்கள் கவனத்துக்கு: நாடகம் முடிய நடுராத்திரி ஆகிவிடும், திரும்பி வர நினைக்காமல் அங்கேயே ரூம் போட்டுவிடுங்கள். கொசு மருந்து அவசியம். பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒரு கம்பளி எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்து நாற்காலிக்கும் எட்டுகிற மாதிரி கொஞ்சம் பெரியதாகவே.