ஒரே வாரத்தில் கறிதோசை கொடுக்க முடியாது

அண்ணே, குடல் மாற்று அறுவை முடிந்த ஒரே வாரத்தில் டிரிப்ஸில் ஏற்றும் சத்தை நிறுத்திவிட்டுக் கறிதோசை, ஜிகர்தண்டா எல்லாம் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. குடலை மாற்றும்போது அதன் நரம்புகளும், கொழுப்பைக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்களும் அறுபடுகின்றன, டாக்டர்கள் தைத்து இணைப்பது இரத்தக் குழாய்களைத்தான். அதனால் ஆரம்பத்தில் கொழுப்பைக் குறைத்து, டியூப் வழியாகத் திரவ உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதற்கேற்ப டிரிப்ஸ் சத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முழுதாக நிறுத்தப் பலருக்கு வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில்.

அப்புறம் 'வயிற்றுப்போக்கு சகஜம், மோர் போதும்' என்கிறீர்களே, அதுதான் ரொம்ப ஆபத்து. அது கிருமித் தொற்றாக இருக்கலாம், உடம்பு புதுக் குடலை நிராகரிப்பதாகவும் இருக்கலாம், எது என்று தெரியப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி செய்து பயாப்சி (சோதனைக்காகச் சிறு திசுத் துண்டு) எடுக்க வேண்டும். வயிற்றில் ஸ்டோமா (குடலை வெளியே திறந்து வைத்த துளை) வைத்திருப்பவருக்குத் தண்ணீரோடு உப்பும் மெக்னீசியமும் வெளியேறும், நம்ம மதுரை சித்திரை வெயிலில் சிறுநீரகம் சீக்கிரமே அடிபடும். வயிற்றுப்போக்கின்போது, உடம்பு புதுக் குடலை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் இரத்தத்தில் ஏறிவிடும். தயவுசெய்து அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள், நோயாளி வீட்டார் படிக்கிறார்கள்.