எட்டு நாளில் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், அமால்ஃபி... எதற்கு இந்த ஓட்டம்?

இத்தாலி போகத் திட்டம் போடுகிறவர்கள் காட்டும் எக்செல் ஷீட்கள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. ரோம் இரண்டு ராத்திரி, ஃப்ளோரன்ஸ் இரண்டு, வெனிஸ் ஒன்று. அப்புறம் "கொஞ்சம் கடலும் வேணுமே" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், உடனே கடைசி வரியில் அமால்ஃபி கடற்கரையைச் செருகியிருப்பார்கள், அதுவும் ரோமிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி நடுராத்திரி திரும்பி வருகிற ஒரு நாள் டூராக. கடலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், இறங்கி ஒரு போட்டோ எடுக்கலாம், கால் நனைப்பதற்குள் கைடு கொடியைத் தூக்கிவிடுவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டை போடுகிறவர்கள் போடலாம். கையில் இருப்பது எட்டு ஒன்பது நாள்தான், நகரமும் வேண்டும் கடலும் வேண்டும் என்றால், ஒரே ஒரு நகரம், அங்கிருந்து சாதாரண பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரே ஒரு கடற்கரை ஊர், இவ்வளவுதான் திட்டம். என்னைக் கேட்டால் அந்த நகரம் பலெர்மோ, அந்தக் கடற்கரை செஃபலூ. இரண்டும் இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவின் வட கரையில்.

அமால்ஃபியைக் குறை சொல்ல வரவில்லை, அழகு அழகுதான். ஆனால் அமால்ஃபிக்கோ அதே கரையில் இருக்கும் பொசிட்டானோவுக்கோ ரயில் கிடையாது. நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ வரை லோக்கல் ரயில் வரும், அதற்கு மேல் மலையைச் செதுக்கிப் போட்ட ஒற்றைச் சாலை, எஸ்எஸ் 163. பஸ், கார், ஸ்கூட்டர், டூரிஸ்ட் வேன் எல்லாமே அந்த ஒரே சாலையில்தான். சீசனில் நெரிசல் தாங்க முடியாமல், வெளியூர் கார்களை நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பகலில் விடுகிறார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சலெர்னோவிலிருந்து படகில் போவதுதான் புத்திசாலித்தனம், அதுவும் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். பொசிட்டானோவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டும், மணல் என்று நினைத்துப் போனால் காலடியில் கூழாங்கல், ரூம் வாடகையைப் பற்றி நான் பேசவே இல்லை. தேனிலவு ஜோடிகள் போகட்டும், வயதான பெற்றோரையும் ஏழு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எதற்கு?

"சரி, நேப்பிள்ஸ்?" நியாயமான கேள்வி. நகரம் என்று மட்டும் பார்த்தால் எனக்குப் பலெர்மோவைவிட நேப்பிள்ஸை ஒரு பிடி அதிகமாகவே பிடிக்கும். பிரச்சினை என்னவென்றால் அங்கே பார்க்க அளவுக்கு மீறி இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான பாம்பேய் ஒரு முழு நாளைத் தின்னும் (2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் வேறு போட வேண்டும்), அதே மாதிரி புதைந்த ஹெர்குலேனியம் அரை நாள், அங்கே தோண்டி எடுத்ததெல்லாம் வைத்திருக்கும் மியூசியம் இன்னொரு அரை நாள். கடல் என்றால் கேப்ரி, இஸ்கியா, ப்ரோச்சிடா என்று தீவுக்குப் படகு பிடிக்க வேண்டும். மூன்றில் ப்ரோச்சிடாதான் சின்னது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மறுபடியும் ஓட்டம்தான். ஜெனோவாவும் அதன் பக்கத்தில் கமோலியும் நல்ல ஜோடி, ரயிலும் உண்டு, ஆனால் அங்கே போகிறவர்கள் சின்க்வே டெர்ரேவை விடமாட்டார்கள், அந்த ஐந்து குட்டி ஊர்களிலும் கோடையில் நிற்க இடம் கிடைக்காது.

இப்போது பலெர்மோ. பெயரைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "மாஃபியா ஊராச்சே, பயமில்லையா?" விமான நிலையத்தின் பெயரே ஃபால்கோனே–போர்செலீனோ. மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்திய இரண்டு நீதிபதிகள், இருவரும் 1992இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் நெடுஞ்சாலையில், ஃபால்கோனே இறந்த கபாச்சி என்ற இடத்தில், சாலையோரம் சிவப்பு நினைவுத் தூண்கள் தெரியும். அந்தக் கொலைகள் ஊரையே உலுக்கின. 2004இல் தொடங்கிய அட்டியோபீட்சோ என்ற இயக்கம், மாமூல் கொடுக்க மறுக்கும் கடைகளுக்கு ஸ்டிக்கர் கொடுக்கிறது, கடைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள், முடிந்தால் அந்தக் கடைகளில் வாங்குங்கள். டூரிஸ்டுக்கு ஆபத்து என்றால் பிக்பாக்கெட்டும் ஸ்கூட்டரும்தான், எந்தப் பெரிய ஊரிலும் இருப்பது. மாஃபியா தலைவன் வேஷத்தில் பொம்மையும் ஃப்ரிட்ஜ் மேக்னட்டும் விற்கிற கடைகளைப் பார்த்தால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும். செத்தவர்களின் குடும்பங்கள் அதே ஊரில் இருக்கின்றன.

பலெர்மோவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் கட்டிய சிற்றாலயம். சுவரெல்லாம் பைசாந்திய பாணியில் தங்க மொசைக், மேலே அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு போல அடுக்கடுக்காகத் தொங்கும் மரக் கூரை, அதில் அரபு எழுத்துகள். கிறிஸ்தவ அரசனின் கோயிலுக்கு முஸ்லிம் கலைஞர்கள் கூரை செய்திருக்கிறார்கள், கிரேக்கர்கள் சுவர் செய்திருக்கிறார்கள். கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். அரண்மனையில் இப்போது சிசிலியின் சட்டமன்றம் நடக்கிறது, அது கூடும் நாட்களில் அரச அறைகளைத் திறக்க மாட்டார்கள், ஞாயிறு காலை ஆலயத்தில் பூசை இருக்கும், ஆகையால் நாளைப் பார்த்துப் போங்கள். அப்புறம் மன்ரியாலே பேராலயம், இத்தாலியின் மிகப் பெரிய ஓப்பரா (இசை நாடக) அரங்கமான தியாத்ரோ மாசிமோ எல்லாம் உண்டு. ஓடி ஓடிப் பார்க்காமல் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். நடுப்பகலில் பல கோயில்களும் கடைகளும் எப்படியும் மூடித்தான் கிடக்கும்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், பலெர்மோவில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1980களில் இலங்கைப் போர் துரத்த வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். ஊரின் காவல் தெய்வம் சாந்தா ரொசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதை, 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றியதாக நம்பிக்கை. பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கும் அவள் கோயிலுக்கு ஈழத் தமிழர்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை இந்துக்களும், வேண்டுதல் வைத்து ஏறிப் போகிறார்கள். செப்டம்பர் 4 அவளுடைய திருநாள், முந்தின ராத்திரியே ஊர்ச் சனம் நடந்து மலையேறும். ஜூலை 14 ராத்திரி பெரிய தேர் ஊர்வலம், வாணவேடிக்கை. தேதி ஒத்துவந்தால் தவறவிடாதீர்கள். கொலோசியத்தில் வரிசையில் நிற்பதைவிட இது நமக்கு ஒட்டும்.

சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் இத்தாலியில் பீட்சாவும் பாஸ்தாவும்தான் கதி என்று பயப்படுகிறார்கள். பலெர்மோவில் தெருவுக்குத் தெரு பனெல்லே கிடைக்கும். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கிளறிக் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் சித்தப்பாக்கள்கூட முனகமாட்டார்கள். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்கிற கப்போனாத்தாவும் சைவம்தான். அரன்சீனா என்கிற பொரித்த அரிசி உருண்டையில் மட்டும் கவனம், "புர்ரோ" அதாவது வெண்ணெய் என்று எழுதியிருந்தாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ஸ்ஃபின்சோனே என்கிற தடித்த ரொட்டியில் நெத்திலி போட்டிருப்பார்கள். பார்மிஜானோ சீஸ் செய்யவே கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் வேண்டும், அந்த அளவுக்குப் பார்க்கிறவர்கள் பாஸ்தா மேல் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அசைவக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பல்லரோ சந்தையைக் காட்டிவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மூன்று நான்கு ராத்திரி இப்படிக் கழிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு பலெர்மோ சென்ட்ராலேயில் செஃபலூ ரயில் ஏறுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம், டிக்கெட் 10 யூரோவுக்குள், ரிசர்வேஷன் தொல்லை இல்லை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். இடது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். வழியில் த்ராபியா என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ரோஜர் அரசவையில் இருந்த அல் இத்ரீஸி என்ற அரபுப் புவியியலாளர் 1154இல் முடித்த நூலில், இந்த ஊரில் மாவிலிருந்து நூல் நூலாக ஒன்று செய்து கப்பல் கப்பலாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். காய்ந்த பாஸ்தா இத்தாலியில் செய்யப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டு வந்தார் என்று சொல்லித் திரிகிற வாட்ஸ்அப் மாமாக்களுக்கு இதைப் பார்வர்டு செய்யுங்கள், மார்க்கோ போலோ பிறந்ததே 1254இல்தான்.

செஃபலூவில் ஒரு பெரிய பாறை மலை, அதன் அடியில் 1131இல் ரோஜர் கட்டத் தொடங்கிய பேராலயம், அதைச் சுற்றிப் பழைய தெருக்கள், தெரு முடிகிற இடத்தில் மணல் கடற்கரை. மணல், கூழாங்கல் இல்லை. கரையில் தண்ணீர் ஆழமில்லாமல் இருப்பதால் குழந்தைகளை விடலாம். பாதி இடத்தில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் லீதோக்கள் இருக்கும், முன்வரிசைக்கு வாடகை அதிகம். துண்டை விரித்து உட்காரத் தயார் என்றால் காசில்லாத பொதுக் கடற்கரையும் உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பாறை மலை ஏறலாம், பேராலயத்து மொசைக்கை ஒரு தடவை பார்க்கலாம், மற்றபடி இங்கே ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் வருகிறோம். இதுதான் நம்மவர்களுக்கு வராது. இரண்டாம் நாளே "இங்க வேற பாயிண்ட் என்ன இருக்கு?" என்று கூகுளில் தேட ஆரம்பிப்பார்கள். சும்மா இருக்கவே முடியாது என்கிறவர்களுக்கு, பலெர்மோவுக்கு மேற்கே ஜிங்காரோ காப்புக்காடு இருக்கிறது. கடலோரமாக ரோடு போட வந்தபோது 1980இல் மக்கள் ஊர்வலம் போய்த் தடுத்தார்கள், மறு வருஷமே அதைக் காப்பிடமாக அறிவித்தார்கள், இன்றைக்கும் ஏழு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை மட்டும்தான். அதற்கு மட்டும் கார் வேண்டியிருக்கும். பலெர்மோ ஊருக்குள் காரை ஓட்டாதீர்கள், தடை செய்த பகுதிக்குள் கேமரா பிடித்தால் அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும்.

எந்த மாதம் என்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஏப்ரல் மே லீவு என்று அப்போதே கிளம்புகிறோம். ஊர் சுற்ற அருமையான மாதங்கள், ஆனால் கடல் மே மாதத்தில்கூட 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், மெரினா பழக்கத்தில் இறங்கினால் பல் கிட்டித்துவிடும். ஆகஸ்டில் இத்தாலிக்காரர்கள் எல்லோருக்கும் லீவு, 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ வாரத்தில் குடை வைக்க இடம் கிடைக்காது, வெயிலும் கொளுத்தும். செப்டம்பர் கடைசியில் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், கூட்டமும் குறையும், வாடகையும் இறங்கும். நம்மூரில் காலாண்டு விடுமுறை ஏறக்குறைய அப்போதுதானே வருகிறது, முன்பின் இரண்டு மூன்று நாள் பள்ளியில் லீவு சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

விசாவுக்கும் இந்த எளிமையான திட்டம் சௌகரியம். ஒரு நாடு, இரண்டு மூன்று தங்குமிடம், உள்ளே ஒரு விமான டிக்கெட், கவர் லெட்டரில் விளக்க வேண்டியது குறைவு. இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஜூலையில் விசா அப்பாயிண்ட்மென்ட் தேடி அலையாமல் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள்.

"ரோம் பார்க்காமல் என்ன இத்தாலி?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: பாருங்கள், ஆனால் கடைசியில் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து வளைகுடா வழியாகப் போகிற விமானங்கள் பெரும்பாலும் ரோமிலோ மிலானிலோதான் இறங்கும். போகும்போது ரோமிலிருந்து நேராகப் பலெர்மோவுக்கு இன்னொரு விமானம், ஒரு மணி நேரம்தான். திரும்பும்போது இரண்டு ராத்திரி ரோமில் வைத்துக்கொண்டால், தீவிலிருந்து வரும் விமானம் தாமதமானாலும் ஊருக்கு வரும் விமானத்தைத் தவறவிட மாட்டீர்கள். பொறுமையும் ரயில் பைத்தியமும் உள்ளவர்கள் செஃபலூவிலிருந்து ரோமுக்கு ரயிலிலேயே வரலாம். மெசினா ஜலசந்தியில் ரயில் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் ஏற்றி அக்கரையில் இறக்குவார்கள், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.